நெஞ்சைத் திறக்க நாள் வேண்டும்



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் இறந்து ஆறு மாதம். மூத்த மகனுக்கு இரவில் உறக்கமில்லை. சாப்பாட்டில் மனமில்லை. தகப்பனுடைய வள்ளம் கரையிலேயே கிடக்கிறது. தாய் அவனை உளவளத்துணையாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்கிறாள். "தம்பி, என்ன செய்யுது?" என்று அவர் கேட்கிறார். மறுமொழி சொல்வதெல்லாம் தாய். மகன் நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறான். வீடு திரும்பியதும், "அவரோட கதைச்சு என்ன பலன்? இனி நான் வரமாட்டன்" என்கிறான்.

இங்கே பிழைத்தது எது? நம்பிக்கை முளைக்குமுன்னரே எல்லோரும் பலனைத் தேடிவிட்டார்கள். இவ்வாறு முதல் நாளோடு நின்றுவிடுவோர் நம்மிடையே பலர். ஆகவே, உதவி செய்பவர்மேல் நம்பிக்கை எவ்வாறு வளர்கிறது என்பதை இன்று கற்போம்.

நம்பிக்கையின் அடித்தளம்

உளவியலறிஞர் கார்ள் றொஜர்ஸ், உதவி செய்பவரிடம் இருக்க வேண்டிய மூன்று பண்புகளை 1957இல் எழுதிய கட்டுரையொன்றில் வற்புறுத்தினார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, வந்தவரை நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்ளல், அவருடைய நிலையில் நின்று அவர் துன்பத்தை உணர்தல் என்பனவே அவை. 1979இல் எட்வேட் போர்டின் என்பார் வந்தவருடைய பங்கையும் சேர்த்துக் காட்டினார். எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்குமிடையே ஒரு பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். எனவே நம்பிக்கை இருவரும் சேர்ந்து கட்டும் வீடு. ஒருவர் மட்டும் கல் சுமந்தால் அது எழும்பாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கேளுங்கள். அவர் பெற்ற பயிற்சி என்ன, எத்தனை முறை வர வேண்டும், பணம் எவ்வளவு, எழுதிவைக்கும் குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளிலேயே கேட்கலாம். இது மரியாதைக் குறைவன்று.

2. இரகசியத்தின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் எக்காரணத்தாலும் மீறப்படலாகாதது. உளவளத்துணையாளருடைய இரகசியத்துக்கு எல்லையுண்டு. ஓர் உயிருக்கு ஆபத்து, அல்லது ஒரு சிறுபிள்ளைக்குத் தீங்கு என்று கண்டால், அவர் வேறொருவருக்கு அறிவிக்க நேரும். நல்ல துணையாளர் இதனை முன்னரே விளக்குவார். விளக்காவிடில் கேளுங்கள்.

3. சிறியதில் தொடங்குங்கள். பெரிய பாரத்தை முதல் நாளே இறக்கிவைக்க வேண்டுமென்பதில்லை. "இதைப்பற்றி இப்போது கதைக்க ஏலாமல் இருக்கிறது" என்று சொல்வதும் உண்மை பேசுவதே.

4. மனம் நொந்தால் அவரிடமே சொல்லுங்கள். "போனமுறை நீங்கள் சொன்னது எனக்கு நோவாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அதை அவர் பொறுமையாகக் கேட்டால், நம்பிக்கை ஒரு படி உயரும்.

5. மருந்தை மறைக்காதீர்கள். வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்தியிருந்தால் நிறுத்தியதாகவே சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான குளிசைகள் பலன் காட்டச் சில வாரங்கள் செல்லும். திடீரென நிறுத்துவது உடலை வருத்தும். பொய்யான தகவலை வைத்து எவரும் சரியான வைத்தியம் செய்ய முடியாது.

குடும்பத்தார் கவனிக்க

பெற்றோரே, பிள்ளைக்காக நீங்களே பேசிவிடாதீர்கள். கேட்ட விபரத்தைச் சொல்லிவிட்டு வெளியே காத்திருங்கள். வழியில், "உள்ளே என்ன சொன்னாய்? எங்களைப்பற்றியும் சொன்னாயோ?" என்று விசாரிக்க வேண்டாம். "விசருக்கு மருந்தெடுக்கிறான் என்று ஊர் சொல்லும்" என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்த ஒரு சொல் பல நாள் முயற்சியைக் கெடுத்துவிடும்.

நம்பக்கூடாத இடமும் உண்டு

ஒருவர் கதையை இன்னொருவரிடம் சொல்பவர், கைமாற்றுக் கேட்பவர், முறைகேடாகப் பழக முனைபவர், "வைத்தியரிடம் போகாதே, நான் மட்டும் போதும்" என்பவர் ஆகியோரிடம் மீண்டும் போக வேண்டாம். அவர் மேலுள்ளவர்களிடம் முறையிடுங்கள். ஒருவர் பிழைவிட்டதற்காக உதவி தேடுவதையே கைவிட்டுவிடாதீர்கள், வேறொருவரை நாடுங்கள். நேரே போகத் தயங்குவோருக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும், 1974இல் கொழும்பில் தொடங்கப்பட்ட சுமித்திரயோவும் உண்டு. சாவைப்பற்றி ஒருவர் பேசினால், "சும்மா சொல்கிறான்" என்று விட்டுவிடாமல், தனியே விடாமல், அன்றே உதவி தேடுங்கள்.

அந்த மகனிடம் திரும்புவோம். தாய் கெஞ்சிக் கேட்டதனால் மறுமுறையும் போனான் என்று வைத்துக்கொள்வோம். இம்முறை தாய் வெளி வாங்கில் இருந்துவிட்டாள். அவன் வள்ளத்து இயந்திரத்தைப்பற்றி மட்டும் கதைத்தான். துணையாளர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் முறைதான், "அண்டைக்கு நான் அவரோட கடலுக்குப் போகேல்லை" என்ற சொல் வாயிலிருந்து வந்தது. ஆறு மாதம் அவனை உறங்கவிடாத சொல் அது. அதைச் சொல்ல அவனுக்கு நான்கு நாள் வேண்டியிருந்தது.

வீட்டில் சிந்திக்க

1. நம் வீட்டில் ஒருவர் பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை கேட்கிறோமா?
2. உதவி தேடிப்போன அயலவரைப்பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்?
3. யாரேனும் நம்மிடம் நம்பிச் சொன்னதை நம்மோடு வைத்திருக்கிறோமா?