யந்திரத்தில் கை அடிபட்டால் இரண்டாவது டாக்டரின் அபிப்பிராயம்

ஓமந்தூர், திண்டிவனம் பக்கத்து மணிலாக் கொல்லைகளில் காய் பிரிக்கும் யந்திரத்தை ஓட்டும் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆளின் விரல் துண்டானால் எவர் கண்ணுக்கும் தெரியும். துண்டாகாமல், மடங்காது விறைத்துப்போனால்தான் தகராறு. காயம் ஆறிற்று என்று முதல் டாக்டர் கொடுத்த சீட்டு, கை பழையபடி வேலைக்கு உதவும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், யந்திர சக்தியால் நடக்கும் விவசாய வேலையையும் சேர்த்துக்கொண்டது. கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் சக்தி நூற்றுக்கு 30 பங்கு குறைந்ததாக மதித்தது. நிரந்தரமாய் உபயோகமற்றுப்போன உறுப்பையும் இழந்த உறுப்பாகவே கொண்டது. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்வழியையே தழுவியது.

சொந்தக்காரர் தம் செலவில் ஏற்பாடு செய்யும் டாக்டரிடம் ஆள் கையைக் காட்டியே தீரவேண்டும். பிறகு வேறு டாக்டரிடம் செல்வது மறுப்பாகாது. மிராசுதாரர் சிலர் இதை அவநம்பிக்கையென்று கோபிப்பது வீண். முண்டியம்பாக்கம் அரசினர் ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லும்போது முதல் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுபோவது அவசியம். விரல் எவ்வளவு மடங்குகிறது, மண்வெட்டியைப் பிடிக்க இயலுமா என்பவற்றை எழுதி வாங்குக. நஷ்டஈட்டு மனுவுக்குக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருஷம்.