செம்பரம்பாக்கத்திலிருந்து பெங்களூரு: விமானமா, ரயிலா, சாலையா?

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நேர்க்கோடு இழுத்தால் 300 கிலோமீட்டர்கூடத் தேறாது. விமானம் வானில் இருப்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். இதை மட்டும் பார்த்துவிட்டு செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக்காரர்கள் டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. பெங்களூரு நெடுஞ்சாலையின் மீதோ அதற்குப் பக்கத்திலோ குடியிருப்பவர்கள் அவர்கள். விமானத்துக்கும் ரயிலுக்கும் முதலில் சென்னை நோக்கித் திரும்பிப் போயாக வேண்டும்.

விமானக் கணக்கை வீட்டு வாசலிலிருந்து போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு என்று இன்னொரு ஒன்றரை மணி. பிறகு பயணம். 2008 மே வரை பெங்களூரில் விமானங்கள் ஊருக்குள்ளிருக்கும் எச்.ஏ.எல். நிலையத்தில்தான் இறங்கின. தேவனஹள்ளிக்கு மாறிய பிறகு அங்கிருந்து நகரின் மையத்திலுள்ள மெஜஸ்டிக் வர சுமார் 35 கிலோமீட்டர். நெரிசல் வேளையில் ஒன்றரை மணி நேரம்கூடப் பிடிக்கும். ஆக மொத்தம் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்தால் அதுவும் நிச்சயமில்லை.

சாலை வழியில் மெஜஸ்டிக் சுமார் 320 கிலோமீட்டர். காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சாப்பாட்டுக்கு ஒருமுறை நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையிலான ஆறுவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் பட்ட பாடு இந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் பாதை கிடையாது. இத்தனை ஆலைகள் வந்த பிறகும் இல்லையென்பது பெருங்குறை. சென்ட்ரல் போய் வந்தே பாரத்தில் ஏறினால் நான்கரை மணி நேரத்துக்குள் மெஜஸ்டிக் பக்கத்திலேயே இறங்கலாம். 2022 நவம்பரில் தொடங்கிய முதல் வண்டி காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். செம்பரம்பாக்கத்துக்காரர் அதைப் பிடிக்க நாலரைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பூந்தமல்லி சாலை காலியாக இருக்கும். வேளைக்குப் போய்ச் சேருவதில் மூன்றிலும் நம்பத்தக்கது இதுதான்.

எதில் போவது என்பதைப் பெங்களூரின் எந்த மூலையில் வேலை என்பதே தீர்மானிக்க வேண்டும். சுங்குவார்சத்திரத்திலும் தேவனஹள்ளியிலும் ஃபாக்ஸ்கான் ஆலைகள் இருக்கின்றன. இங்கிருந்து அங்கே போகிறவருக்கு விமானம் முழுப் பயன் தரும். ஓசூரில் அசோக் லேலண்டுக்கோ டி.வி.எஸ்.ஸுக்கோ போகிறவர் விமானம் ஏறுவது வீண் செலவு: தேவனஹள்ளியில் இறங்கி, பெங்களூரைக் கடந்து, 70 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வர வேண்டும். காரிலோ பஸ்ஸிலோ போனால் ஓசூர் ஐந்து மணி நேரத்துக்குள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அதே வழி. மெஜஸ்டிக், சிவாஜிநகர் என்றால் ரயில்.

இந்தக் கணக்கு மாறப்போகிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஹோஸ்கோட்டேக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டர். வடிவமைப்பு வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். முழுவதும் திறந்துவிட்டால், தேவனஹள்ளிக்குக்கூட செம்பரம்பாக்கத்திலிருந்து கார் விமானத்தோடு போட்டி போடும். ஓசூர் போகிறவருக்கு மட்டும் அப்போதும் வேலூர், கிருஷ்ணகிரி வழிதான்.