கொடி இருக்கிறது, குலை எங்கே?

கேள்வி: சின்னமனூரில் வீட்டுக் கொல்லையில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டு மூன்று வருடமாகிறது. இலைதான் அடர்கிறது, காய்ப்பில்லை. என்ன உரம் வைக்கலாம்?

பதில்: உரக்கடைக்காரர் கோபித்துக்கொள்ளட்டும், உங்கள் கொடிக்கு வேண்டியது கத்தரி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் திராட்சை, கவாத்துக்குப் பின் வரும் புதுத் துளிரில்தான் பூக்கும். பென்சில் பருமனில் பழுப்பேறி முற்றிய கிளைகளில் நான்கு கணு விட்டு நறுக்குங்கள்; மெலிந்தவற்றில் ஒன்றிரண்டு போதும். மனசு கேட்காதுதான்.

மார்கழியில் ஒரு கவாத்து, வைகாசியில் இன்னொன்று. ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஐப்பசி மழையில் பூ சிக்கும்படி மட்டும் வெட்டாதீர்கள், அடிச்சாம்பல் நோய் குலையையே கருக்கிவிடும்.

அதற்குப் போர்டோக் கலவை. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை ஊற்றுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.