முதல் நாள் பாதை

தீர்த்த யாத்திரைக்குப் புறப்படுபவர், தாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கிறார். எந்த வழியில் புறப்பட வேண்டும் என்பதைப் பற்றி அவர் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. பல நாட்கள் நடந்தே செல்லும் யாத்திரையிலோ, பாதியில் நின்று போனவர்களுள் பலர் இறுதி நாட்களில் தளர்ந்தவர்கள் அல்லர். முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே தளர்ந்தவர்கள். சங்கல்பம் செய்துகொண்ட மனம் புறப்பட்ட அன்றே முழு வேகத்தில் ஓடுகிறது. பாதங்களோ அந்தச் சங்கல்பத்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தார்ச்சாலையின் சூடு, லாரிகளின் இரைச்சல், நிழலற்ற வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் முதல் நாளிலேயே பாதம் கொப்புளித்துவிடும். பிறகு ஒவ்வோர் அடியிலும் நினைவுக்கு வருவது இறைவன் அல்ல, வலியே.

ஆகவே தொடக்கப் பாதையை இனியதாகத் தேர்ந்தெடுப்பது சௌகரியத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. எடுத்த விரதம் நிறைவேறுமா என்பதே அதில் அடங்கியுள்ளது.

ஆதி கங்கையின் வழி

கொல்கத்தாவின் தென்பகுதியில், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஏரிப் பகுதிக்கு அருகில் இருக்கிறது டாக்குரியா. இங்கிருந்து ஒருவர் மகர சங்கராந்திப் புனித நீராடலுக்காகக் கங்காசாகரம் வரை நடந்து செல்ல விரும்புவதாகக் கொள்வோம். கங்கை கடலில் கலக்கும் இடம் அது. கபில முனிவரின் கோயில் அங்கு உள்ளது. இன்று பெரும்பாலோர் ரயிலிலும் பேருந்திலும் செல்கின்றனர். ஆனால் அந்தத் திசையில் நடந்து சென்றவர்களின் நினைவு இப்பகுதியில் இன்னும் அழியவில்லை.

ஒரு காலத்தில் கங்கையின் ஒரு கிளை காளிகாட்டைத் தொட்டு, கரியா, ராஜ்பூர், பாருய்பூர், ஜெய்நகர், சத்ரபோக் வழியாகத் தெற்கே கடலை நோக்கி ஓடியது. அதுவே ஆதி கங்கை. பின்னர் அது தூர்ந்து போயிற்று. 1770களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் அதன் ஒரு பகுதியைத் தோண்டிக் கால்வாயாக்கினார். நகருக்குள் இன்று அது கழிவுநீர் கலந்த ஓடை. 2009இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நீட்டிப்பின் தூண்கள் அந்த ஓடையிலேயே நிற்கின்றன. ஆனால் கரியாவைத் தாண்டித் தெற்கே சென்றால் பழைய ஆற்றுப் படுகை ஆங்காங்கே குளங்களாக எஞ்சியிருப்பதைக் காணலாம். மக்கள் அவற்றைக் குளம் என்று சொல்வதில்லை. 'கோஷின் கங்கை', 'போஸின் கங்கை' என்று, கரையில் வாழ்ந்த குடும்பங்களின் பெயரோடு சேர்த்துக் கங்கை என்றே அழைக்கின்றனர். ஆறு போய்விட்ட பிறகும் அதன் புனிதத்தை விட மனமில்லாத மக்கள் அவர்கள்.

1510ஆம் ஆண்டு சன்னியாசம் பெற்ற ஸ்ரீ சைதன்யர், பூரிக்குச் செல்லும்போது இந்த ஆதி கங்கைக் கரையோரமாகவே நடந்தார். விருந்தாவன தாசரின் 'சைதன்ய பாகவதம்' இந்தப் பயணத்தை விவரிக்கிறது. பாருய்பூரை ஒட்டிய ஆடிசாரா என்னும் ஊரில் அனந்த பண்டிதரின் இல்லத்தில் அவர் தங்கினார். இரவு இறைவனைப் பற்றிய உரையாடலில் கழிந்தது. அடுத்துச் சத்ரபோகில் அம்புலிங்கத் துறையை அடைந்தார். அங்கே சிவபெருமான் நீர் வடிவில் விளங்குவதாக நம்பிக்கை. திருவானைக்காவில் அப்புலிங்கத்தைத் தரிசித்த தமிழருக்கு இந்தப் பெயரே பரவசம் தரும்.

அந்நாளில் வங்கத்திற்கும் ஒடிசாவிற்கும் இடையே பகை மூண்டிருந்ததால் எல்லை வழிகள் அபாயமானவையாக இருந்தன. அப்பகுதியின் அதிகாரியான ராமச்சந்திர கான் படகு ஏற்பாடு செய்து தர, சைதன்யர் அதை ஏற்று நீர்வழியே சென்றார். பிரேமையில் தம்மையே மறந்த மகானும், எந்த வழி பாதுகாப்பானது என்பதில் அந்த மண்ணை அறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்த்தார் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

டாக்குரியாவிலிருந்து மூன்று வழிகள்

டாக்குரியாவிலிருந்து தெற்கே செல்ல மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, மேற்கே பெஹாலாவை அடைந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் காக்த்வீப் வரை செல்வது. வழி தேடும் சிரமம் இதில் இல்லை. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலை; கனரக வாகனங்கள் நிறைந்தது. சங்கராந்தியை ஒட்டிய நாட்களில் கங்காசாகரப் பேருந்துகளும் அதில் விரைகின்றன.

இரண்டாவது, காளிகாட்டிலிருந்து ஆதி கங்கை ஓடையை ஒட்டியே நடப்பது. எண்ணம் உயர்ந்தது. எனினும் நகருக்குள் கரை தொடர்ச்சியாக இல்லை. நெரிசலும் துர்நாற்றமும் மிகுதி.

மூன்றாவது, டாக்குரியாவிலிருந்து நேர் தெற்கே ஜாதவ்பூர், பாகா ஜதீன் வழியாகக் கரியா சென்று, அங்கிருந்து நரேந்திரபூர், ராஜ்பூர், ஹரிநாபி வழியாகப் பாருய்பூரை அடைவது. பகலில் இச்சாலையிலும் நெரிசல் உண்டு. ஆனால் பொழுது புலர்வதற்கு முன் புறப்படுபவர், பேருந்துகள் பெருகுமுன் கரியாவைக் கடந்துவிடலாம். முதல் நாள் ராஜ்பூர் வரை ஏறத்தாழ 12 கி.மீ. போதும். மறுநாள் பாருய்பூர், அங்கே கொய்யாத் தோப்புகள் தொடங்குகின்றன. அங்கிருந்து ஜெய்நகர் சுமார் 24 கி.மீ. இதை இரண்டு நாட்களாகப் பிரித்துக் கொள்வது நலம். குளிர்காலத்தில் ஜெய்நகரில் நெற்பொரியும் புது ஈச்சவெல்லமும் சேர்த்துப் பிடித்த 'மோவா' உருண்டைகள் கிடைக்கும். பிறகு சத்ரபோக். அங்கிருந்து மேற்கே லட்சுமிகாந்தபூர் வந்து, குல்பி, காக்த்வீப் வழியாகச் சென்று, முரிகங்கா ஆற்றைப் படகில் கடந்து கச்சுபேரியாவை அடைந்தால், கபில முனிவர் கோயிலுக்கு இன்னும் 30 கி.மீ. அளவே உள்ளது.

இந்த மூன்றாவது வழியே தொடக்கத்திற்கு ஏற்றது. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, நீரும் நிழலும் தங்குமிடமும் குறுகிய இடைவெளியில் கிடைக்கின்றன. இரண்டாவது, நாளுக்கு நாள் நகரம் குறைந்து வயலும் குளமும் பெருகுகின்றன; மனமும் அவ்வாறே சிறிது சிறிதாக உலகியலை விட்டு விலகப் பழகுகிறது. மூன்றாவது, சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை இவ்வழிக்கு அருகிலேயே செல்கிறது. உடல்நலம் குன்றியவர் அன்றே வீடு திரும்பலாம். உடன் வருவோர் கவலையின்றித் தொடரலாம். நான்காவது, வழியெங்கும் ஒரு மகான் நடந்த நினைவு துணை நிற்கிறது.

நமது நாட்டில் இது புதிய சிந்தனை அன்று. பழனிக்குச் செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடிப் புறப்படுகின்றன. முருகனின் ஒரு மலையில் தொடங்கி மற்றொரு மலையில் முடியும் வழி அது. வழிவழியாக அவர்கள் தங்கும் ஊர்களும் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் துணிச்சலைக் காட்டுவது அங்கே பக்தியாகக் கருதப்படுவதில்லை. முன்னோர் வகுத்த அளவில் அடங்கி நடப்பதே பக்தி.

இனிமையை நாடலாமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். தொடக்கத்தில் விஷம் போலவும் முடிவில் அமுதம் போலவும் இருப்பதே சாத்விக சுகம் என்றும், தொடக்கத்தில் அமுதமாகி முடிவில் விஷமாவது ராஜஸ சுகம் என்றும் கீதையின் 18ஆம் அத்தியாயம் பிரித்துக் காட்டுகிறது. அப்படியானால் இனிய தொடக்கத்தைத் தேடுவது ராஜஸம் ஆகாதா?

இவ்வையம் நியாயமானதே. விடை, தேர்ந்தெடுப்பவரின் நோக்கத்தில் இருக்கிறது. புலன்கள் களிப்பதற்காக நிழலை நாடினால் அது ராஜஸம்தான். அந்நிழல் நாளைய வெயிலில் நடக்க வலிமை தரட்டும் என்று நாடினால் அது விரதத்திற்குச் செய்யும் சேவை. அதே கீதை 17ஆம் அத்தியாயத்தில், ஆடம்பரத்தோடும் அகங்காரத்தோடும் உடலை வதைக்கும் கோரத் தவத்தைக் கண்டிக்கிறது. 6ஆம் அத்தியாயத்தில் உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் அளவைப் போற்றுகிறது. முதல் நாளே 35 கி.மீ. நடந்து காட்ட வேண்டும் என்ற ஆசையில், தவத்தின் வேடத்தில் அகங்காரமே ஒளிந்திருக்கக் கூடும்.

தவிர, இனிய தொடக்கம் கஷ்டத்தை நீக்கிவிடுவதில்லை. ஜனவரி மாதப் பனிமூட்டம், முரிகங்காக் கரையின் நீண்ட காத்திருப்பு, சங்கராந்தியன்று திரளும் பெருங்கூட்டம் ஆகியவை யாத்திரிகரை எதிர்நோக்கி இருக்கின்றன. அந்த விஷத்தை முகம் சுளிக்காமல் பருகும் பக்குவத்தை முதல் நாட்களின் மிதமான நடை தருகிறது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

ஒரு மாதத்திற்கு முன்பே நடைப் பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். டாக்குரியாவாசிகளுக்கு ரவீந்திர சரோவர் ஏரிக்கரை அருகிலேயே உள்ளது. அந்த ஏரிப் பகுதியில் 1935இல் நிறுவப்பட்ட ஜப்பானியப் புத்தர் கோயிலும் இருக்கிறது. அதை அமைத்த புஜீ குருஜியின் மரபினர், பறை முழக்கியபடி உலக அமைதிக்காக நெடுந்தூரம் நடப்பவர்கள். நடையையே பிரார்த்தனையாக்கியவர்களின் கோயிலைச் சுற்றியுள்ள இடத்தில் பயில்வது நல்ல தொடக்கமே.

காளிகாட்டு அன்னையின் தரிசனத்தைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே முடித்துக் கொள்ளலாம். புதிய காலணியை யாத்திரையில் முதன்முறையாக அணிதல் கூடாது. ஜனவரியில் மாலை 5 மணியளவிலேயே இருள் சூழ்வதால், பிற்பகல் 3 மணிக்குள் தங்குமிடம் சேர்வது பாதுகாப்பு. பனிமூட்டத்தில் நடப்போர் வெளிர்நிற ஆடை அணிந்து, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறமாகச் செல்ல வேண்டும். குழுவின் வேகம், அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமாகவே இருக்கட்டும்.

ஜபமும் தியானமும் இத்தகைய யாத்திரைகளே. முதல் நாளில் பத்து மாலை உருட்டி, பத்தாம் நாளில் மாலையையே மறந்துவிடும் சாதகர் பலர். சிறிதாகத் தொடங்கி, தொடங்கியதை ஒருநாளும் கைவிடாதவரே கடலைக் காண்கிறார்.

சிந்தனைக்கு

1. நாம் மேற்கொண்ட விரதங்களுள் எவை தொடக்க வேகத்தாலேயே நின்று போயின?

2. நமது அன்றாடச் சாதனைக்கு நிழலும் நீரும் போன்று துணை செய்பவை எவை?

3. சௌகரியத்தை நாடுவதற்கும் விரதத்தைக் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வாழ்வில் எவ்வாறு அறிந்துகொள்வது?