ஃபோட்டோடையோடிடம் வோல்டேஜ் கேட்காதீர்கள்

வெளிச்சத்தை உணரும் சர்க்யூட் என்றால் பலரும் முதலில் எடுப்பது எல்டிஆர். தெருவிளக்கைத் தானாக எரியவைக்க அது போதும். வெளிச்சத்தை அளக்க வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் சிலிக்கான் ஃபோட்டோடையோடுதான். லைட் மீட்டர்கள் செய்து பழகியதில் எனக்குப் பிடிபட்டவை இவை.

வாங்கும்போது

கறுப்பு பிளாஸ்டிக் உடல் கொண்டவை பெரும்பாலும் டிவி ரிமோட் வேலைக்கானவை. அந்தக் கறுப்பு அகச்சிவப்பை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும். பிபிடபிள்யூ34 போல, உடல் தெளிவாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவும் நம் கண்ணைப் போல பார்ப்பதில்லை. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் பிரகாசம். பிபிடபிள்யூ34-இன் உச்சம் 900 நானோமீட்டர் பக்கம், அகச்சிவப்பில். அதனால் ஒரே அளவு வெளிச்சம் தரும் குண்டு பல்பையும் எல்இடி பல்பையும் காட்டினால், குண்டு பல்புக்கு ரீடிங் எகிறும். சந்தேகம் இருந்தால் ரிமோட்டை நேரே பிடித்து அழுத்துங்கள். மீட்டர் அசைந்தால் அகச்சிவப்பும் கணக்கில் சேர்கிறது என்று அர்த்தம். லக்ஸ் அளவு சரியாக வர வேண்டுமானால், ஃபில்டர் உள்ளேயே இருக்கும் பிபிடபிள்யூ21 வகையே தீர்வு.

இணைக்கும்போது

வெயிலில் காட்டி மல்டிமீட்டரை இரு கால்களிலும் வைத்தால் சில நூறு மில்லிவோல்ட் காட்டும். பிளஸ் வரும் கால் ஆனோடு. ஆனால் அந்த வோல்டேஜை வைத்து வெளிச்சத்தை அளக்க முடியாது. வெளிச்சம் 10 மடங்கு கூடினாலும் அது சுமார் 60 மில்லிவோல்ட்தான் ஏறும். கரண்ட் அப்படியல்ல, வெளிச்சம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும்.

ஆகவே ஆப்-ஆம்ப் வையுங்கள். கேத்தோடு மைனஸ் இன்புட்டுக்கு. ஆனோடும் பிளஸ் இன்புட்டும் கிரவுண்டுக்கு. அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஒரு ரெசிஸ்டர். கரண்டை ரெசிஸ்டரால் பெருக்கினால் அவுட்புட் வோல்டேஜ். 10 மைக்ரோ ஆம்பியரும் 100 கிலோ ஓமும் சேர்ந்தால் 1 வோல்ட். டையோடின் மேல் வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யமாகவே நிற்பதால், இருட்டில் கசியும் கரண்டும் தொல்லை தராது.

மங்கலான வெளிச்சத்துக்கு எல்எம்358 வேண்டாம். அதன் இன்புட்டே பல நானோ ஆம்பியர் கேட்கும். நாம் அளக்க நினைப்பதும் அவ்வளவுதான். எம்சிபி6002 போன்ற சீமாஸ் வகைக்கு ஒரு பிகோ ஆம்பியர் அளவே போதும். சால்டர் செய்தபின் ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். இந்த அளவுகளில் அழுக்கும் கரண்ட் கடத்தும்.

அளக்கும்போது

நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல்பு 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டையோடுக்குத் தெரியும். லைட் மீட்டருக்கு, 100 கிலோ ஓமுக்கு இணையாக 1 மைக்ரோஃபாரட் போட்டால் ரீடிங் நிலைக்கும். வேகம் வேண்டிய சர்க்யூட் என்றால் சில பிகோஃபாரட் போதும்; அதையும் விட்டுவிட்டால் ஆப்-ஆம்ப் தானாகவே அலைய ஆரம்பிக்கும்.

பூஜ்யம் பார்க்க விரலால் மூடினால் பயனில்லை. சிவப்பும் அகச்சிவப்பும் சதையை ஊடுருவி வரும். கறுப்பு டேப் ஒட்டுங்கள். டையோடின் பின்பக்கத்தையும் சேர்த்து.

பகலா இரவா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் எந்தத் தெளிவான டையோடும் போதும். அளக்க வேண்டுமென்றால், விலையைப் பார்க்கும் முன் டேட்டாஷீட்டில் அலைநீள வரைபடத்தைப் பாருங்கள். ஃபில்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது.