மெல்லிசை மேடையில் முதல் பாடல்

ஒருவர் பாடிப் பதிவாகி மக்களிடையே பரவிவிட்ட பாடலை வேறொருவர் மேடையில் பாடுவது கவர் பாடல் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இயல்பான களம், கோயில் திருவிழாவிலும் திருமண வரவேற்பிலும் கல்லூரி விழாவிலும் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரியே ஆகும். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகச் சென்ற இளையராஜாவும், திரைக்கு வருமுன் அவரையும் அவர் சகோதரர்களையும் வாத்தியக்காரர்களாகக் கொண்டு கச்சேரி நடத்திய எஸ்.பி. பாலசுப்ரமணியமும் இக்களத்தில் பழகியவர்களே என்பதால், இதனைத் திரையிசைக்குக் கீழான ஒரு வேலையாகக் கருதுவதற்கு வரலாற்றில் இடமில்லை. ஆயினும் இம்மேடைக்கென ஒரு கடினம் உண்டு: எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு மூலப் பதிவு மனப்பாடம். பாடகர் ஒரு தாளம் பிந்தி எடுத்தாலும், உச்சச் சுரத்தை எட்டாமல் விட்டாலும், இசையறியாதவருக்குக்கூட அது உடனே தெரிந்துவிடுகிறது. இத்தகைய தடுமாற்றங்களில் பெரும்பாலானவை குரல்வளக் குறைவால் நேர்வதில்லை. தவறான சுருதியாலும், இடையிசை முடிந்து எடுக்கவேண்டிய இடத்தை அறியாமையாலும் நேர்கின்றன. இவ்விரண்டும் மேடையேறுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளக் கூடியவை.

பாடலும் சுருதியும்

முதல் மேடைக்குரிய பாடலைத் தேர்கையில் தமக்குப் பிடித்தது எது என்பதைவிடத் தம் குரலின் எல்லைக்குள் அடங்குவது எது என்பதையே பாடகர் முதலில் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு கீபோர்டோ, கைப்பேசியில் உள்ள பியானோ செயலியோ போதும். வாய்திறந்து ‘ஆ’ என்று இழுக்கும்போது குரல் தேயாமல் நிற்கும் மிகத் தாழ்ந்த சுரத்தையும், கழுத்து நரம்பு புடைக்காமல் நிற்கும் மிக உயர்ந்த சுரத்தையும் கண்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், பாட எண்ணும் பாடலின் அடிச்சுரத்தையும் உச்சச்சுரத்தையும் அவ்வாறே கண்டறிந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

சுருதி என்பது பாடல் முழுவதற்கும் ஆதாரமாக நிற்கும் ‘ச’ என்னும் சுரத்தின் உயரமாகும். தமிழ்நாட்டு வழக்கில் அது கட்டைக் கணக்கால் குறிக்கப்படுகிறது: கீபோர்டின் ‘சி’ என்னும் வெள்ளைக்கட்டை ஒன்று, ‘டி’ இரண்டு, ‘இ’ மூன்று என்று ‘பி’ வரை ஏழு வெள்ளைக்கட்டைகள் எண்ணப்பட, இடையிலுள்ள கறுப்புக்கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறுகின்றன, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக்கட்டை இல்லாமையால் மூன்றரை என்றொரு சுருதி இல்லை. கறுப்பு, வெள்ளை என்று பாராமல் அடுத்தடுத்து நிற்கும் இரு கட்டைகளுக்கு இடையிலான தொலைவு அரைச்சுரம் எனப்படும். பொதுவாக ஆண்குரலுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும், பெண்குரலுக்கு ஐந்து முதல் ஆறரை கட்டை வரையிலும் சுருதி அமைவது வழக்கமெனினும், திரைப்பாடல்களை இந்த வழக்கு கட்டுப்படுத்துவதில்லை.

எடுத்துக்காட்டாக, இரண்டு கட்டையில் பதிவான ஒரு பாடல், மேலே தாரஸ்தாயி அந்தர காந்தாரம் (மேல் ‘க’) வரையிலும், கீழே மந்திரஸ்தாயி பஞ்சமம் (கீழ் ‘ப’) வரையிலும் செல்வதாகக் கொள்ளலாம். கீபோர்டில் இவை முறையே எஃப் ஷார்ப்பும் ‘ஏ’யும் ஆகும். பாடகரின் குரல் மேலே ‘இ’ வரைதான் இயல்பாக நிற்குமெனில், சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கி ஒன்றாம் கட்டைக்குக் கொண்டுவந்தால் உச்சம் ‘இ’யில் அமைந்துவிடும், ஆனால் அடிச்சுரமும் கூடவே இறங்கி ‘ஜி’யில் விழும். அந்த ‘ஜி’யில் குரல் காற்றாகத் தேயுமானால் அப்பாடல் அவருக்கு உரியதன்று, வேறு பாடலைத் தேடுவதே வழி. பாடலின் உச்சத்துக்கும் குரலின் மேல் எல்லைக்கும் இடையே மேலும் ஓர் அரைச்சுரம் இடம் விட்டுவைப்பது நல்லது. ஏனெனில் மேடைப் பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகித் தொண்டை இறுகும்போது, வீட்டில் எளிதாக எட்டிய உச்சமே முதலில் கைவிட்டுப் போகும். டி.எம். சௌந்தரராஜனின் உச்சஸ்தாயிப் பாடல்களை மூலச் சுருதியிலேயே பாடுவதுதான் மரியாதை என்று கருதும் இளைஞர்கள், அம்மரியாதையைச் சரணத்தின் நடுவில் இழக்க நேர்வதை எந்த ஊர்த் திருவிழாவிலும் காணலாம்.

சுருதியை மாற்றினால் வாத்தியங்களுக்கு நேர்வதையும் பாடகர் அறிந்திருக்க வேண்டும். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் விரல்வைப்பு மாறாமலே சுருதி மாறிவிடும். கித்தாரில் கழுத்தின்மேல் பூட்டும் கேப்போ என்னும் கவ்வி, சுருதியை உயர்த்துமேயன்றி இறக்காது. மூங்கில் புல்லாங்குழலோ ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியில் செய்யப்படுவதால், கலைஞர் வேறு குழலை எடுக்க வேண்டியிருக்கும். அது அவருடைய பையில் இருக்கிறதா என்பது ஒத்திகையிலேயே தெரிந்தாக வேண்டும். முந்தைய பாடலுக்காக மாற்றிய ட்ரான்ஸ்போஸைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்து அடுத்த பாடலின் முன்னிசையைத் தொடங்கிவிடுவது மேடைகளில் அடிக்கடி நேரும் விபத்தாகும். பாடல் வரிசைத் தாளில் ஒவ்வொரு பாடலுக்கு எதிரேயும் சுருதியை எழுதிக் கீபோர்டு வாசிப்பவரின் கண்ணெதிரே ஒட்டிவைப்பது இதற்குப் போதிய காப்பு.

ஜோடிப் பாடலில் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆணுக்காக இறக்கப்பட்ட சுருதி பெண்ணின் தாழ்ந்த வரிகளைக் கேட்காத முணுமுணுப்பாக்கிவிடும் என்பதால், இருவரும் சேர்ந்து பாடிப்பார்த்த பின்னரே சுருதியை முடிவு செய்ய வேண்டும்.

பாடலின் வரைபடம்

திரைப்பாடல் பெரும்பாலும் முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், மீண்டும் பல்லவி என்னும் அமைப்புடையது. இவற்றுள் பல்லவியும் சரணமும் யாருக்கும் நினைவில் நிற்கும். புதியவரைச் சோதிப்பது பாடகர் பாடாத பகுதிகளே. குறிப்பாக இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் இரண்டு இடையிசைகளும் வெவ்வேறு மெட்டில், வெவ்வேறு நீளத்தில் அமைந்திருப்பதால், முதலாவதை எண்ணிப் பழகியவர் இரண்டாவதில் முந்திப் பாடத் தொடங்கிவிடுவதுண்டு.

ஆகவே பதிவைப் பாடிக்கொண்டு கேட்பதை நிறுத்தி, கையால் தாளமிட்டுக்கொண்டு கேட்டு, ஒவ்வொரு பகுதியும் எத்தனை ஆவர்த்தனம், அதாவது எத்தனை தாளச் சுற்று, என்பதை ஒரு தாளில் குறிக்க வேண்டும். அத்துடன் சரணம் தொடங்குமுன் கடைசியாக ஒலிக்கும் வாத்தியம் எது, அது வயலின் கூட்டமா, குழலின் ஒற்றைச் சங்கதியா, தபலாவின் உருட்டா என்பதையும் எழுதிக்கொண்டால் எண்ணிக்கை தவறினாலும் காது காப்பாற்றும். எடுப்பு என்பது தாளச் சுற்றில் பாடல் தொடங்கும் இடமாகும்; தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவது சம எடுப்பு, தட்டு விழுந்தபின் சற்று விட்டுத் தொடங்குவது அனாகத எடுப்பு, தட்டுக்கு முன்பே தொடங்கிவிடுவது அதீத எடுப்பு. ஒரே பாடலில் பல்லவி சமத்திலும் சரணம் அனாகதத்திலும் எடுக்கப்படலாம் என்பதால், இவ்விவரமும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

வேகமும் அவ்வாறே குறிக்கப்பட வேண்டியது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கிடும் மெட்ரோனோம் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேடையின் உற்சாகத்தில் குழு முழுவதும் தன்னையறியாமல் விரைந்துவிடும் இயல்புடையதாதலால், 96 தட்டு வேகத்தில் பதிவான பாடல் 108இல் தொடங்கினால் சொற்கள் நிறைந்த வரிகளில் மூச்செடுக்க இடமின்றிப் போய்விடும்.

எதனை மூலத்தின்படியே வைப்பது, எதனை விடுவது என்பதிலும் ஒரு முடிவு தேவை. முன்னிசையின் முதல் சில நொடிகளைக் கொண்டே கேட்போர் பாடலை அடையாளம் கண்டு கைதட்டுகின்றனர் என்பதால் அதனைச் சிதைத்தல் ஆகாது. இடையிசையைச் சிறிய குழு சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் சுருக்கிய செய்தி ஒத்திகையிலேயே பாடகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல் பிரியும் இடம், மூச்செடுக்கும் இடம், கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைக்கும் முறை, ஆகியவற்றை மூலப் பாடகரிடமிருந்து அப்படியே கற்கலாம், கற்கவும் வேண்டும். அவருடைய குரலின் நிறத்தைப் போலி செய்வது வேறு விஷயம்: எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் சிரிப்பையும் குழைவையும் வலிந்து வரவழைப்பவர் பாடலைவிட்டு விலகிப் பலகுரல் நிகழ்ச்சிக்குள் நுழைந்துவிடுகிறார்.

வாத்தியக் குழு இல்லாமல், குரல் நீக்கிய கரோக்கி ட்ராக்கை வைத்துப் பாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் போதும்: குழு பாடகருக்காகக் காத்திருக்கும், ட்ராக் காத்திருக்காது. கைப்பேசியிலிருந்து ஒலிக்கவிடுவதாயின் அழைப்பு வராதபடி விமான நிலையில் வைப்பது இன்றியமையாதது.

உரிமையும் நேரமும்

திரைப்பாடலின் மெட்டும் வரிகளும் காப்புரிமைக்கு உட்பட்டவை. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, தன் 52ஆம் பிரிவில் சில விலக்குகளை அளிக்கிறது: கட்டணமில்லாத பார்வையாளர் முன்போ சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ தொழில்முறை சாராத குழு பாடுவதும், திருமணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டங்களில் பாடுவதும் அவற்றுள் அடங்கும். கட்டண நிகழ்ச்சிக்கு உரிமம் தேவை. அதனை வழக்கமாக நிகழ்ச்சி அமைப்பாளரே பெறுகிறார். 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்னும் அமைப்பு, இசையமைப்பாளர், பாடலாசிரியர் முதலியோர் சார்பில் இத்தகைய உரிமங்களை வழங்குகிறது. 2017இல், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு சென்றது என்பதை நினைத்தால், தாம் பாடிப் புகழ்பெற்ற பாடலுக்கும் உரிமம் பற்றிய கேள்வி எழும் என்பது விளங்கும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மாநில அரசு ஆண்டில் சில நாள்களுக்கு மட்டும் இதனை நள்ளிரவு வரை தளர்த்தலாம். வரவேற்புரைகளும் பொன்னாடைகளும் கச்சேரி நேரத்தைத் தின்றபின், வரிசையின் கடைசியில் உள்ள பாடல்களே வெட்டப்படுகின்றன; அங்கே வைக்கப்படுவது பெரும்பாலும் புதியவரின் பாடல். பக்திப் பாடலுடன் கச்சேரி தொடங்கியபின் மூன்றாவது அல்லது நான்காவது இடத்தைக் கேட்டுப் பெறுவது அவருக்கு நலம்.

மைக்கும் மேடையும்

பெரும்பாலான மேடைகளில் கிடைப்பது டைனமிக் வகை மைக் ஆகும். 1966இல் வெளிவந்த ஷ்யூர் எஸ்.எம்.58 இதன் புகழ்பெற்ற வடிவம். இது முன்னால் வரும் ஒலியை நன்கு வாங்கி, பின்னால் வருவதைப் பெருமளவு தவிர்க்கும் அமைப்புடையது. பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்காகக் காலடியில் வைக்கப்படும் மானிட்டர் பெட்டி மைக்கின் பின்புறத்தை நோக்கி அமைய வேண்டும் என்பதும், மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தல் கூடாது என்பதும் இதனாலேயே. பொத்தினால் அவ்வமைப்பு கெட்டு, பெட்டியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து சுழன்று, ஃபீட்பேக் என்னும் காதைக் கிழிக்கும் கூவல் எழும். தாழ்ந்த வரிகளில் மைக்கை உதட்டருகே கொண்டுவந்தால் குரலுக்குக் கனம் கூடும். உச்சத்தில் ஒரு சாண் விலக்கினால் ஒலி பிளிறாது.

திடலின் கோடியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து திரும்பிவரும் ஒலியை நம்பித் தாளம் பிடித்தல் ஆகாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் தொலைவிலிருந்து வரும் பாட்டு பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தியே காதை அடைகிறது. நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாடலில் இது ஒரு தட்டின் ஐந்தில் ஒரு பங்கு. மானிட்டரில் குரல் கேட்கவில்லையெனில், கத்திப் பாடத் தொடங்குவதற்கு மாறாக, மைக்செட்காரரிடம் ஒலிச் சோதனையின்போதே கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அச்சோதனையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று சொல்லிப் பயனில்லை. பாடலின் மிகத் தாழ்ந்த வரியையும் உச்ச வரியையும் முழுக்குரலில் பாடிக் காட்டினால்தான் அவரால் அளவை அமைக்க முடியும்.

பாடும்போது சொல் மறந்துபோனால் மெட்டை விடாமல் ‘ஆ’ என்னும் அகாரத்திலேனும் தொடர்ந்து அடுத்த வரியில் சேர்ந்துகொள்ள வேண்டும். நின்று மன்னிப்புக் கேட்பவரையே கூட்டம் நினைவில் வைத்துக்கொள்கிறது. எடுப்புத் தவறினால் நடுவில் பாய்ந்து பிடிக்க முயலாமல் கீபோர்டு வாசிப்பவரைப் பார்ப்பதே முறை. அனுபவமுள்ளவர் கடைசி ஆவர்த்தனத்தை மீண்டும் வாசித்துத் தலையசைப்பார். அத்தலையசைப்புக்கு என்ன பொருள் என்பதை ஒத்திகையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

பாடல் நன்றாக அமைந்துவிட்டால் கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டு வரத் தொடங்கும். கேட்கப்படும் பாடல் தாம் நன்கு அறிந்ததாகவே இருந்தாலும், குழுவுடன் சுருதியும் வரைபடமும் பேசிவைக்காதவரை அதனைப் பாட ஒப்புக்கொள்ளாமல், சீட்டைத் தொகுப்பாளரிடமோ குழுத்தலைவரிடமோ கொடுத்துவிட வேண்டும்; அப்பாடலைக் குழுவில் எவர் எந்தக் கட்டையில் பாடுவார் என்பது அவர்களுக்கே தெரியும்.