உயரத்தில் பாதிக்குள் வயிறு: மகளுக்கு அளவெடுக்கும் முறை

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 7ஆம் தரத்தில் ஒருமுறை வரும், பிறகு 10ஆம் தரத்தில்தான். பெண்பிள்ளையின் உடம்பு மளமளவென்று மாறுவது அந்த இடைவெளியில். மாவனல்லை டவுனில் வாங்கும் தையல் டேப்பும் ஒரு தராசும் போதும், உடம்பில் கொழுப்பு மிஞ்சுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் டேப்பைச் சோதியுங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிள்ளையின் அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் புதிது வாங்குங்கள்.

உயரம் அளக்கச் செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் முதுகும் சுவரில் பட நிறுத்துங்கள். தலைமேல் தடித்த புத்தகத்தைச் சுவரோடு அணைத்துவைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். நிறையைக் காலையில், சாப்பிடுமுன், மெல்லிய உடுப்போடு பாருங்கள்.

பிழை விடுவது வயிற்றுச் சுற்றளவில்தான். பாவாடை கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். அபாயாவுக்கோ யூனிபோர்முக்கோ மேலால் அல்ல, தோலில் பட. டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சதையை அமுக்கக் கூடாது. டேப்பைக் கண்டதும் பிள்ளை வயிற்றை எக்கிக்கொள்ளும். பேச்சுக் கொடுத்தபடியே, மூச்சை விட்டதும் வாசியுங்கள். மாதவிடாய் நெருங்கும் நாட்களில் வயிறு ஊதியிருக்கும், அப்போது வேண்டாம். உம்மாவோ அம்மாவோ கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. சாச்சியும் மாமியும் சுற்றிநின்று பார்க்க அல்ல.

இனிக் கணக்கு. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 148 சென்டிமீற்றர் உயரமான பிள்ளைக்கு எல்லை 74.

அடுத்தது பீஎம்ஐ என்கிற உடற்திணிவுச் சுட்டி: நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. வளர்ந்தவர்களின் 25 என்ற கோட்டைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி பெண்பிள்ளைக்கு 13 வயதில் 21.8, 14இல் 22.7, 15இல் 23.5, 16இல் 24.1. இவற்றைத் தாண்டினால் அதிக எடை. 14 வயதில் 27.3ஐத் தாண்டினால் உடற்பருமன்.

இரண்டில் நான் நம்புவது டேப்பைத்தான். பீஎம்ஐ சூத்திரத்தைப் பெல்ஜியத்தின் கெற்றலே தந்தது 1830களில், நம் மாவனல்லைக் கற்பாலம் எழுந்த அதே காலத்தில். பாலம் இன்னும் பாரம் தாங்குகிறது. சூத்திரத்துக்குத்தான் கொழுப்பையும் தசையையும் பிரித்தறியத் தெரியாது. அதிலும் தெற்காசிய உடம்பில் அதே பீஎம்ஐக்குக் கொழுப்பு அதிகம். 148 சென்டிமீற்றர், 47 கிலோ என்றால் பீஎம்ஐ 21.5, 14 வயதுக்கு நல்ல எண். கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறோ 77. தோட்டப் பக்கத்தில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். கட்டையான பிள்ளையைக் கண்ணால் பார்த்து ‘ஒல்லி’ என்று விட்டுவிடுவோம்.

பெரியபிள்ளை ஆனதும் தொடையிலும் பின்புறத்திலும் சதை வைப்பது இயற்கை. அதனால் இடுப்பு–பின்புற விகிதம் பார்ப்பதில் இந்த வயதில் பயனில்லை. சடங்குக் காலத்து உளுந்தங்களியையும் முட்டையையும் குறைசொல்ல மாட்டேன்; அதன் பிறகு தினமும் தொடரும் சீனித் தேத்தண்ணியும் ரோல்ஸும் வேறு கதை.

மூன்று மாதத்துக்கொரு முறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். வயிறு பாதியைத் தாண்டினாலோ, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தாலோ, மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலோ கொப்பியோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ மாவனல்லை ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். வைத்தியர் சொல்லாமல் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.